தனுஷ்கோடி நிலையமும் அதன் ஐம்பது ஆண்டுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிபாடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், இதைப் பற்றி எழுதும் பலரையும் போலவே கட்டுரையாளரும் புயல் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவோடு நின்றுவிட்டார். அதிலும் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. அன்று கடல் கொண்டுபோனது, சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுவந்த போட் மெயில் ரயில் அல்ல. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஆறு பெட்டிகளுடன் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டிதான், தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைக்கு இரையாயிற்று.

அந்த நிலையம் அதற்கு முன்பு ஐம்பது ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே என் கேள்வி. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவோர் முன்பெல்லாம் தூத்துக்குடிவரை ரயிலில் சென்று கப்பலேறுவார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, அந்தக் கடற்பயணம் தனுஷ்கோடிக்கும் இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. எழும்பூரில் எடுத்த சீட்டிலேயே ரயில், கப்பல், மறுபடி இலங்கை ரயில் என்று கொழும்புவரை போய்விடலாம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றதுதான் பிரதான பாதை. இராமேஸ்வரம் அதிலிருந்து பிரிந்த கிளையாகவே இருந்தது. (புயலுக்குப் பிறகு அந்தக் கிளையே கடைசி நிலையமாகிவிட்டது.)

சேதுவில் நீராட வந்த யாத்திரிகர்களையும் வணிகர்களையும்விட அந்த நடைமேடையை அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள், கங்காணிகள் என்ற ஆள்சேர்ப்பவர்களால் திரட்டப்பட்டு, மண்டபம் முகாமில் நோய் பரவாதிருக்கத் தனியே வைத்துச் சோதனை செய்யப்பட்டபின் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள்தாம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவர்களுடைய வழித்தோன்றல்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இரண்டு மாதங்கள்கூடக் கழியவில்லை, நிலையம் அழிந்தது. ஆகவே, பாட்டன் பாட்டி கப்பலேறிய துறையில் பேரப்பிள்ளைகள் வந்திறங்க வழியில்லாமல் போயிற்று. தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் அவர்களை இராமேஸ்வரத்தில்தான் இறக்கிவிட்டது. தனுஷ்கோடியின் கதையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இதுவே. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

2019 மார்ச்சில் இராமேஸ்வரம் – தனுஷ்கோடி புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டி மீண்டும் ஓட வேண்டுமா என்பது தனி விவாதம். மணல்மேடுகளை அறிந்தவர்கள் அதைப் பேசட்டும். நான் கேட்பது மிகச் சிறியது. தனுஷ்கோடியின் நிலமுனையான அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையில் வந்து புயலின் கதையை மட்டும் கேட்டுத் திரும்பும் பயணிகளுக்காக, அந்த இடிபாடுகளின் முன் கப்பல், ரயில், தோட்டத் தொழிலாளர் பயணம் ஆகியவற்றைச் சொல்லும் பலகை ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் நிறுவலாம். தங்கள் இதழ் இக்கோரிக்கையை உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
இராமநாதபுரம்.