நகரத்தைப் படிக்க வரும் முதுநிலை மாணவர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்தால் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைப் பொறியியலும் மருத்துவமும் வணிகவியலும் நிறைத்துவிடுகின்றன. புவியியல் முதுநிலைக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. ஆனால் 2001-ல் 44 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் நகர மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 48.4 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. இந்த நகரங்களை முறையாகப் படிக்க விரும்பும் மாணவர் எந்தப் படிப்பில் சேர வேண்டும், சேர்ந்த பிறகு எங்கே சறுக்குவார் என்பதை விளக்கமாக எழுதுவார் இல்லை. ஆகவே இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நகரத்தைப் படிக்க முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. புவியியல். நகரம் ஏன் இப்படி வளர்கிறது, யார் எங்கே குடியிருக்கிறார்கள், வெள்ளம் ஏன் இந்தத் தெருவில் மட்டும் நிற்கிறது என்று ஆராயும் படிப்பு அது. இன்னொன்று எம்.பிளான் எனப்படும் நகரத் திட்டமிடல். நிலப் பயன்பாட்டு வரைபடம் வகுப்பது, சாலை அகலத்தை முடிவு செய்வது, கட்டட விதிகளை எழுதுவது அதன் வேலை. இளநிலையில் புவியியல் முடித்தவர்கள் நேராக எம்.பிளானுக்கு விண்ணப்பித்து ஏமாறுவது வாடிக்கையாகிவிட்டது. பி.ஆர்க்., பி.பிளான், சிவில் பொறியியல் படித்தவர்கள் இளநிலைப் பட்டத்தோடே எம்.பிளானில் சேரலாம். புவியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களுக்கு அந்தப் பாடத்தில் முதுநிலைப் பட்டமும் வேண்டும் என்பதே டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் விதி. நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு மாற்றங்கள் இருக்கும் என்பதால் தகவல் கையேட்டின் தகுதிப் பட்டியலை வரி விடாமல் படியுங்கள். புவியியல் மாணவர் திட்டமிடுநராக விரும்பினால் நான்கு ஆண்டுகள், இரண்டு முதுநிலைப் பட்டங்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பல குடும்பங்கள் பணமும் காலமும் இழந்திருக்கின்றன.

மூன்றாவதாக ஒரு சிறு பாதையும் உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் நகரக் கொள்கை மற்றும் ஆளுகை முதுநிலைப் படிப்பு, மாநகராட்சி நிதி, வீட்டுவசதி, குடிநீர் நிர்வாகம் ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது நாள்காட்டி. நம் மாணவர்கள் ஏப்ரலில் இறுதித் தேர்வு எழுதி, முடிவு வந்த பிறகுதான் மேற்படிப்பைத் தேடத் தொடங்குகிறார்கள். மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அது போதும். ஆனால் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வட்டார வளர்ச்சி ஆய்வு மையம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை ஆகியவற்றில் சேர, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடுகிறது, தேர்வு மார்ச்சில். 75 கேள்விகள், 90 நிமிடங்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. எம்.பிளான் சேர்க்கைக்கு உதவும் கேட் தேர்வு இன்னும் முந்தியது: ஆகஸ்ட், செப்டம்பரில் பதிவு, பிப்ரவரியில் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.பிளானுக்கு 2023 முதல் சீட்டா-பிஜி என்ற தனித் தேர்வு நடக்கிறது. ஆக, மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் விழித்துக்கொண்டால் இவற்றில் பல கதவுகள் அடைத்தே இருக்கும்.

இனி படிப்புக்குள் வருவோம். எங்கள் அனுபவத்தில் முதுநிலை மாணவரின் தரத்தை முடிவு செய்வது தேர்வுத் தாள் அல்ல, ஆய்வேடு. அது கெடுவதும் பெரும்பாலும் கோட்பாட்டில் அல்ல, வரைபடத்தின் அடிப்படைக் கணக்கில்.

தமிழ்நாட்டின் நடுவே கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை செல்கிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் அதற்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே மண்டலம் 44. கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி 43-ல். சென்னை, திருச்சி, சேலம் 44-ல். மதுரை மாவட்டத்தில் இந்தக் கோடு மாவட்டத்துக்குள்ளேயே விழுகிறது: மதுரை நகரம் 44, உசிலம்பட்டி 43. இரண்டு இடங்களின் தரவையும் ஒரே கோப்பில் சேர்க்கும் மாணவர், ஆயத்தொலைவை (இடத்தைக் குறிக்கும் எண்களை) மாற்றிக் கணக்கிடாமல் மண்டலத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார். உடனே உசிலம்பட்டி ஆறு பாகை கிழக்கே, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நகர்ந்து, இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் போய் உட்காருகிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அடுக்கின் ஆயத்தொலைவு முறையை 'அமைப்பது' வேறு, 'மறுவீழ்ப்பு செய்வது' வேறு. முன்னது முகவரிச் சீட்டை மட்டும் மாற்றும். பின்னதுதான் எண்களை மாற்றும். முதல் பருவத்திலேயே இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும்.

இதன் உடன்பிறப்பு இன்னொரு பிழை. பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் வரையச் சொன்னால், கோப்பு பாகை அலகில் இருப்பதைக் கவனிக்காமல், அரை கிலோமீட்டர்தானே என்று 0.5 என இடுகிறார்கள். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். வட்டத்தின் ஆரம் 55 கிலோமீட்டராகி, மாவட்டமே அந்தப் பள்ளியின் 'நடை தூரத்தில்' வந்துவிடுகிறது. இப்படி வந்த வரைபடத்தை ஆய்வேட்டில் அப்படியே ஒட்டியவர்களும் உண்டு.

வார்டு விவரங்களில் நடப்பது இதைவிடக் கவலை தருவது. ஏனெனில் அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாது. 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது சென்னை மாநகராட்சிக்கு 155 வார்டுகள், பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் எல்லை விரிந்து 200 வார்டுகள், 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. பழைய எல்லைக்குள் மக்கள்தொகை 46.5 லட்சம், அதே 2011-ல் புதிய எல்லைக்குள் வாழ்ந்தவர்களைக் கூட்டினால் சுமார் 66.7 லட்சம். மாணவர் கணக்கெடுப்பு அட்டவணையை எடுத்து, இன்றைய 200 வார்டு வரைபடத்தோடு வார்டு எண்ணை வைத்து இணைக்கிறார். மென்பொருள் மறுப்பேதும் சொல்லாது. 155 வார்டுகள் அழகாக நிறமேறும். 45 வெற்றாக நிற்கும். தரவு கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பு போட்டுவிடுவார். உண்மையில் நிறமேறிய வார்டுகளும் தவறு. இன்றைய 1-ஆவது வார்டு எண்ணூர்ப் பக்கம் இருக்கிறது. கணக்கெடுப்பின்போது அந்தப் பகுதி மாநகராட்சிக்குள்ளேயே இல்லை.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. பழைய வார்டு எல்லை வரைபடத்தைத் தேடிப் பிடித்து இலக்கமாக்க வேண்டும். பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெட்டி, ஒவ்வொரு துண்டின் பரப்பளவு விகிதத்தில் மக்கள்தொகையைப் பங்கிட வேண்டும். மக்கள் வார்டு முழுதும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்ற ஊகம் இதில் ஒளிந்திருக்கிறது. துறைமுகம், ரயில்வே யார்டு, ஏரி உள்ள வார்டுகளில் அந்த ஊகம் நிற்காது. எனவே கட்டடப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குள் பங்கிடுவது நல்லது. கடைசியில் கூட்டுத்தொகை பழைய மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வார வேலை. இதைச் செய்யாமல் போடும் அடர்த்தி வரைபடத்துக்கு மதிப்பே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

செயற்கைக்கோள் படங்களில் பருவத்தைப் பார்க்காமல் தேதி தேர்ந்தெடுப்பதே பெரிய சிக்கல். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் இலவசம். முக்கிய அலைவரிசைகள் 10 மீட்டர் நுணுக்கம். மேகமில்லாத படம் வேண்டும் என்று மே மாதப் படத்தை எடுத்தால், வற்றிக் கிடக்கும் ஏரி தரிசு நிலமாகவும், உழுது போட்ட காய்ந்த வயல் கட்டடமாகவும் பதிவாகும். கட்டடத்தைக் காட்டும் குறியீட்டெண் வெறும் மண்ணையும் கட்டடத்தையும் பிரித்தறியத் திணறும் என்பதே காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம். நீர்நிலைகளைக் குறிக்க ஜனவரிப் படமே ஏற்றது. அப்போதும் சம்புப் புல்லும் ஆகாயத்தாமரையும் மூடிய நீர்ப்பரப்பு செடிகொடியாகத்தான் தெரியும். 2022-ல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை, ஒரே ஒரு படத்தை வைத்து 'சுருங்கிவிட்டது', 'விரிந்துவிட்டது' என்று எழுதுவது தவறு. ஒவ்வொரு வகைப்பாட்டுக்கும் குறைந்தது 50 புள்ளிகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் துல்லிய விழுக்காட்டைச் சொல்ல வேண்டும். நகர வெப்பம் பற்றி எழுதுவோர்க்கும் ஒன்று: லேண்ட்சாட் செயற்கைக்கோள் நம் பகுதியைக் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். அந்தப் படத்திலிருந்து இரவுப் புழுக்கத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

கள ஆய்வுக்கு வாக்காளர் பட்டியலை அடிப்படையாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தெருவாரியாக இருப்பதால் வசதிதான். ஆனால் திருப்பூர் போன்ற ஊரில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் அண்மையில் குடிவந்த வாடகைதாரர்களும் அதில் விடுபட்டுவிடுவார்கள். வீட்டு வாடகையைப் பற்றிய ஆய்வில் வாடகைதாரர்களே விடுபட்டால் என்ன மிஞ்சும்? தேர்ந்தெடுத்த தெருக்களில் நேராக நடந்து வீட்டுப் பட்டியல் எடுத்து, பிறகு எண் குலுக்கித் தேர்வு செய்யுங்கள். பகலில் ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் பகலில் கிடைக்க மாட்டார்கள். வினாப்படிவத்தைத் தமிழிலேயே எழுதி, பத்து வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே அச்சடியுங்கள். 60 வீடுகளை எடுத்துக்கொண்டு ஆறு வார்டு, நான்கு வருமானப் பிரிவு என்று அட்டவணை போட்டால் 24 கட்டங்கள்; சராசரி கட்டத்துக்கு இரண்டரை வீடு. அதில் கை-வர்க்கச் சோதனை (இரு பிரிவுகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) நடத்துவது பொருளற்றது. தொடர்பே இல்லாவிட்டால் வர வேண்டிய எதிர்பார்ப்பு எண்ணிக்கை பெரும்பாலான கட்டங்களில் ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிரிவுகளைக் குறையுங்கள், அல்லது வீடுகளைக் கூட்டுங்கள்.

தலைப்புக்கு அலைய வேண்டியதில்லை. கணக்கெடுப்பு நகரம் எனப்படும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருத்தல்: இவ்வளவும் நிறைவேறினால் கணக்கெடுப்பு அதை நகரம் என்கிறது, நிர்வாகமோ ஊராட்சியாகவே வைத்திருக்கும். பெண்கள் பின்னலாடை ஆலைக்குப் போய், ஆண்கள் நிலத்தில் இருக்கும் ஊர் இந்தக் கணக்கில் கிராமம்தான். 2004-ல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக்கப்பட்டு 2006-ல் மீண்டும் பேரூராட்சிகளாயின. எது நகரம் என்பதை யார், எதற்காகத் தீர்மானிக்கிறார்கள் என்று படிக்கத் தமிழ்நாட்டைப்போல் வளமான களம் குறைவு.

பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இல்லாத ஒன்றையும் மாணவர்கள் தாமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். புலப்படம் (ஒரு நில அளவை எண்ணின் எல்லை வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு), நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றை வாசிக்கத் தெரிய வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் ஒருமுறையேனும் முழுதாகப் படித்திருக்க வேண்டும். அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் நகரங்களுக்கு 1:4,000 அளவையில் வரைபடம் தயாரித்து முழுமைத் திட்டம் வகுக்கும் ஆலோசனை நிறுவனங்களில் வேலைக்குப் போகும்போது கேட்கப்படுவது இவைதான். ஆசிரியப் பணிக்குப் போகிறவர்கள் யுஜிசி நெட் தேர்வை முதுநிலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். அதன் வழியாக முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) இப்போது மாதம் 37,000 ரூபாய்.

கடைசியாக அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டில் புதிய மாநகராட்சிகள் வந்திருக்கின்றன, வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டிருக்கின்றன, சென்னைப் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிந்திருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியின் 2011 வார்டு எல்லையையும் இன்றைய வார்டு எல்லையையும், எந்த அரசாணையின்படி எந்தத் தேதியில் மாறியது என்ற குறிப்போடு, ஜிஐஎஸ் கோப்பாக (வரைபட மென்பொருளில் நேரடியாகத் திறக்கும் கோப்பாக) ஒரே இணையதளத்தில் இலவசமாக வெளியிட வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் போதாது. புதிய கணக்கெடுப்பின் வார்டு விவரங்கள் வெளிவருவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். நகராட்சி நிர்வாகத் துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை