முகப்புக்கு வண்ணம் பூசுமுன் கூரையைப் பாருங்கள்

பொழுதுபோக்கு மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக்கான சீரமைப்புப் பட்டியலைப் படித்தேன். முகப்புக்குப் புது வண்ணம், வரவேற்பறைக்கு நாற்காலிகள், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புதிய ட்ரெட்மில்கள். கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீச்சல் குளத்தின் மேற்கூரையைப் பற்றியும் இல்லை. மழை பெய்தால் விளையாட்டரங்கில் வாளி வைக்கிறோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பட்டியலை அப்படியே நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டு எழுதுகிறேன்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பல ஆண்டுகளாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அதோடு ஒழுகும் நீரும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் மேலே உள்ள கான்கிரீட் விரிசல் விட்டுப் பெயரும். நம் அரங்கின் உத்தரங்களில் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகள் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன என்று அஞ்சுகிறேன். போன முறை பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி வண்ணம் அடித்தார்கள். உள்ளே துரு அப்படியே இருந்ததால் பூச்சு மறுபடியும் விழுந்துவிட்டது. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும். பிறகு தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும் இடமெல்லாம் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, அதன் பின்னரே பூச வேண்டும். இது மெதுவான வேலை. திறப்பு விழா நடத்திக் காட்டும்படியும் இதில் எதுவும் இருக்காது. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

நீச்சல் குளம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. குளோரினும் வியர்வையும் கலந்து உண்டாகும் ஆவி மேலே போய்க் கூரையைத் தாங்கும் உலோகத்தில் படிகிறது. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் 1985இல் ஒரு உள்ளரங்கக் குளத்தின் தொங்கு கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். குளோரினிலிருந்து வரும் குளோரைடு பட்டுப் பட்டு அவை உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தன. கட்டி 13 ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜெர்மனியின் பாட் ரைகன்ஹாலில் 2006 ஜனவரியில் பனிச்சறுக்கு அரங்கின் மரக்கூரை சரிந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். ஈரத்தைத் தாங்காத பசையால் ஒட்டிய உத்தரங்கள் அவை. நம் கூரை நாளை விழும் என்று நான் சொல்லவில்லை. நம் குளத்தின் தொங்கு கூரைக்கு மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை என்றுதான் சொல்கிறேன். பழைய கட்டடம் என்பதால், எதையும் உடைக்கும் முன், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்ற சோதனையும் தேவை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1990இல் பொதுக் கட்டடங்களுக்குப் பரிந்துரைத்தது. நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை. கான்கிரீட் அரிப்பு பற்றி 1984இல் டி சிட்டர் என்ற பொறியாளர் சொன்ன ஐந்தின் விதியையும் பாருங்கள். கட்டும்போது ஒரு ரூபாயில் முடிவது, அரிப்பு தொடங்கும் முன் 5 ரூபாய்; ஆங்காங்கே தொடங்கிவிட்டால் 25; எங்கும் பரவிவிட்டால் 125. தோராயக் கணக்குதான், ஆனால் காத்திருப்பதன் விலை அதில் தெரிகிறது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. ஆய்வுக்குப் பிறகு அதுவே சரி என்று தெரிந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் காலையில் நடக்க வரும் முதியவர்களும், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும், தனியார் கூடங்களுக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களும் அந்த ஆண்டுகளில் எங்கே போவார்கள் என்பதற்கும் அந்தத் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும். ஒருமுறை மூடிய கதவு, பணம் தீர்ந்தால் மூடியபடியே கிடக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்து முழு ஆய்வு செய்யுங்கள். அவர் வரும் நாளில் நம் காவலாளியையும் துப்புரவுப் பணியாளர்களையும் உடன் அனுப்புங்கள். எந்த மழைக்கு எங்கே ஒழுகும், எந்த சுவிட்ச் தொட்டால் சுரீர் என்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். அறிக்கை வந்ததும் ஒரு பக்கம் விடாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பராமரிப்புக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி, பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதில் கைவைக்க முடியாதபடி விதி செய்யுங்கள். வண்ணப்பூச்சுக்கான வாக்கெடுப்பை அந்த அறிக்கை வரும்வரை தள்ளி வையுங்கள்.

அன்புடன்,
மையத்தின் உறுப்பினர் ஒருவர்