கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு,

பள்ளியில் சீண்டலுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் குழு எங்களுடையது. "நீயும் திருப்பிக் கொடு, அடங்கிவிடுவான்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆனால் ஒரு பிள்ளை நிமிர்ந்து நிற்க, சத்தமில்லாமல் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். யார் பெயரையும் சொல்லாமல், செய்த காரியத்தை மட்டும் சொல்கிறோம். பெயர் வெளியே வந்தால் சிலருக்கு நாளை அதுவே வம்பாகும்.

முதல் நன்றி, நடந்த இடத்திலேயே வாய் திறந்த மாணவர்களுக்கு. கனடாவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் உள்ளிட்டோர் பள்ளிச் சூழலைப் படம்பிடித்துப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர்கள் குறுக்கிட்டது 100க்கு 19 சம்பவங்களில்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டதில் பாதிக்கு மேல், 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. நீங்களும் வசனம் எதுவும் பேசவில்லை. "விடு, போதும்" என்று ஒரு வார்த்தை. உடனே சீண்டப்பட்டவர் பக்கம் திரும்பி, "வா, போகலாம்" என்று கூட்டிக்கொண்டு நகர்ந்தீர்கள். நகர்ந்ததுதான் பெரிய உதவி. அங்கேயே மல்லுக்கு நின்றால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் பெருகும். சீண்டுபவருக்கு வேண்டியதே அதுதான். பேசத் துணிச்சல் வராதவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சிரிக்கவில்லை, போனில் படம் எடுக்கவில்லை, அன்று மாலையே "உன் மேல் தப்பில்லை" என்று செய்தி அனுப்பினார்கள். அதற்கும் நன்றி.

சீண்டுபவரிடம் எப்படிப் பேசுவது என்ற ஒத்திகைக்கு உட்கார்ந்த அக்கா, அண்ணன்களே, பொறுமை தேவைப்பட்ட வேலை உங்களுடையது. கால்களைச் சற்று அகற்றி ஊன்றி நிற்க வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவ மத்தியைப் பார்த்தால் போதும். ஐந்தாறு சொல்லில் ஒரே வாக்கியம்: "என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடு." பதிலுக்குக் காத்திராமல், ஆட்கள் இருக்கும் பக்கம் நடந்துவிட வேண்டும். கேட்க எளிது, சறுக்கும் இடங்கள்தான் நிறைய. "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டால் அடுத்த கிண்டலுக்கு நாமே அடி எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பதற்றத்தில் வரும் சிரிப்பை எதிராளி சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். கடைசிச் சொல்லில் குரல் தேய்ந்தால் கெஞ்சலாகக் கேட்கும். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. நீங்கள் எதிரே நின்று வேண்டுமென்றே கேலி செய்து, மறுபடி மறுபடி வாய்விட்டுச் சொல்ல வைத்ததால்தான் பிடிபட்டது. எதிர்த்துப் பேசிய பிறகு சில நாள் சீண்டல் கூடலாம், அது ஆழம் பார்ப்பது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தீர்கள். பலர் சூழ்ந்தாலோ, ஆளரவமில்லாத இடமானாலோ பேச்சே வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடிவிடு என்று சொன்னதற்குத் தனி நன்றி. அதைச் சொல்லித்தரப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அடுத்த நன்றி. தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், யார் பார்த்தார், யாரிடம் சொன்னோம். அன்றைக்கே எழுத வேண்டும். கெட்ட வார்த்தையானாலும் சொன்னபடியே எழுத வேண்டும். "கேவலமாகப் பேசினான்" என்று பூசி எழுதினால் விசாரிப்பவர் கையில் ஒன்றும் சிக்காது. போனில் வந்தது என்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு புகார், கடைசியில்தான் பிளாக். கணக்கின் பெயர், தேதி, முன்பின் செய்திகள் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். சில செயலிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததை அனுப்பியவருக்கே சொல்லிவிடும். அங்கே இன்னொரு போனால் திரையைப் படம் எடுப்பது நல்லது. சிறார்களின் அந்தரங்கப் படத்துக்கு மட்டும் இது பொருந்தாது. சாட்சிக்காகக்கூட அதை நகலெடுக்கவோ அனுப்பவோ கூடாது. எந்தக் கணக்கு, எப்போது என்று குறித்துக்கொண்டு நேரே நம்பகமான பெரியவரிடம் போக வேண்டும்.

வண்டி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோருக்கு: கழிப்பறை வாசல், படிக்கட்டுத் திருப்பம், வண்டியின் பின்இருக்கை என்று ஆசிரியர் கண் எட்டாத இடங்களைப் பார்த்துச் சொன்னவர்கள் நீங்கள்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடுதல். இருவரையும் ஒரே அறையில் நிறுத்தி, "கை குலுக்குங்க, முடிஞ்சது" என்று அனுப்பிவிடவில்லை நீங்கள். 1970களிலிருந்து பள்ளிச் சீண்டலை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ், சாதாரணச் சண்டையிலிருந்து இதைப் பிரித்துக்காட்டியது மூன்று அடையாளங்களால்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, சமமில்லாத பலம். பலம் சமமில்லாதபோது பஞ்சாயத்து எடுபடாது. பலம் குறைந்தவர் பயந்து தலையாட்டுவார், வெளியே வந்ததும் மீதியை வாங்குவார். தனித்தனியாக விசாரித்தீர்கள். தகவல் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பயந்த பிள்ளையை இடம் மாற்றாமல் சீண்டியவரை மாற்றினீர்கள்.

பெற்றோர்களே, "நீ ஏன் சும்மா இருந்தே?" என்று கேட்காததற்கும், கோபத்தில் சீண்டிய பிள்ளையின் வீட்டாருக்குப் போன் போடாததற்கும் நன்றி.

சீண்டும் கூட்டத்திலிருந்து விலகி வந்தவர்களுக்கும் ஒரு வரி. இவர்களுக்கு நன்றி சொல்லலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. கூடச் சிரிக்க ஆள் குறைந்தால் சீண்டல் சுவை இழக்கிறது என்பதால் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, புகார் முடிந்து ஒரு வாரம் கழித்தும், பிறகு ஒரு மாதம் கழித்தும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு விசாரித்தவர்களுக்கு. "எல்லாம் சரியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். நீங்கள் கேட்டது, "இந்த வாரம் இடைவேளையில் யாரோடு இருந்தே?" என்று. "யாரோடயும் இல்லை" என்று பதில் வந்தபோது, மூடிய புகாரை மறுபடி திறந்தீர்கள்.

நன்றியுடன்,
குழுவினர்