பனி விழ முன்னம் பற்றறியை மாற்று

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு கதைத்துக்கொண்டிருக்கும்போது, "காலையில் கார் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் ஸ்ரார்ட் ஆகுது அப்பா, பிறகு ஓடுது" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வீட்டு வாடகைக் கதைக்குப் போய்விட்டாய். அம்மாவுக்கு வாடகைதான் கவலை. எனக்கு அந்த "இழுத்து இழுத்து" இரவு முழுக்கக் காதுக்குள் நின்றது.

ஃபோனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய். அடுத்த நாளே மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கிறதை ஆறுதலாக வாசி, ஆனால் ஒக்டோபர் முடிய முன்னம் செய்துவிடு.

அந்த சிவிக் காரின் பற்றறியை நீயும் நானும்தான் 2020 ஒக்டோபரில் மாற்றினோம். நீ டோர்ச் பிடித்தாய், நான் நட்டைத் தவறவிட்டேன், ஞாபகமா? அதோடு 5 வருடம். சாதாரணமாக 3 முதல் 5 வருடம்தான் ஒரு பற்றறியின் ஆயுள். எல்லாரும் குளிர்தான் பற்றறியைக் கொல்லுகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. கொல்லுவது வெயில். சூட்டில் அசிட்டில் உள்ள தண்ணீர் குறையும், உள்ளே இருக்கிற ஈயச் சட்டம் வேகமாக அரித்துப்போகும். ஆனால் கோடையில் எஞ்சினைச் சுற்றப் பெரிய பலம் தேவையில்லை என்பதால் அரைச் சீவனில் கிடக்கிற பற்றறியும் வேலை செய்யும். குளிர் வந்ததும் குட்டு வெளிப்படும். சைபருக்குக் கீழே 18 பாகைக்குப் போனால் நல்ல பற்றறியே தன் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். அதே நேரம் எஞ்சின் ஒயில் பனம்பாணி மாதிரித் தடித்துப்போய், சுற்றுவதற்கு இரட்டிப்புப் பலம் கேட்கும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு. எந்தக் குடும்பம் தாங்கும்?

இங்கே ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் நான் மலிவுப் பற்றறிகளோடு காலத்தைக் கடத்தினேன். நீ இருப்பது வினிப்பெக். ஜனவரியில் மைனஸ் 30 அங்கே செய்தியே இல்லை.

இதை நான் அறிவாளி மாதிரிச் சொல்லவில்லை. எறிய வேண்டியதை எறியத் தெரியாதவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில், கொக்குவில் கராஜில் வேலை செய்தபோது போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது, பற்றறி வராது, கரண்டும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். பழைய ஒஸ்ரின் கார்களின் கார்பரேற்றரில் நாலைந்து சொட்டு பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். ஒரு பற்றறி செத்தால், மழைத் தண்ணீரை வடித்து ஊற்றி, சார்ஜ் ஏற்றி, திரும்ப எழுப்புவோம். அதை எறிவது என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. அந்தப் பழக்கமும் என்னோடு பிளேன் ஏறி வந்துவிட்டது.

1999 ஜனவரி உனக்கு நினைவிருக்காது, நாலு வயது. ரொறன்ரோவில் பனி கொட்டித் தீர்த்து, அதை அள்ள மேயர் இராணுவத்தையே கூப்பிட்ட மாதம். (இராணுவம் வருகுது என்று ரேடியோவில் கேட்டதும் அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினா. மண்வெட்டியோடு வந்த இராணுவத்தை நாங்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டோம்.) அந்தக் கிழமையில் ஒரு இரவு உனக்குக் காய்ச்சல் 40 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பழைய கொரோலாவின் பற்றறி அதற்கு முன்னமே இரண்டு தரம் காலை வாரியிருந்தது. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதற்கு நான் சார்ஜ் ஏற்றி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். காரைத் தோண்டி எடுத்து, உன்னைப் போர்வையோடு பின்சீற்றில் வைத்துவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரர்தான் தன் வானில் ஏற்றிப் போனார். அம்மா வழி முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, விசயத்துக்கு வருவோம். முதலில் காரைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார். பல கடைகளில் இலவசமாகவே செய்வார்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் நிறைய சார்ஜ் இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆனால் வோல்ற் சரியாக இருந்தும் பற்றறி நோஞ்சானாக இருக்கலாம்; அதனால் பாரம் கொடுத்துப் பார்க்கிற லோட் டெஸ்ட் செய்யச் சொல்லு. கார் ஓடும்போதும் அளக்கச் சொல்லு. 13.7க்கும் 14.7க்கும் இடையில் காட்டினால், ஓடும்போது பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்ரனேற்றர் சுகம். அது பழுதென்றால் புதுப் பற்றறி வாங்கியும் பிரயோசனமில்லை, அதையும் வற்றவிட்டுவிடும்.

உன் 2014 சிவிக்குக்கு 51ஆர் என்ற அளவு. அந்த "ஆர்" முக்கியம். பிளஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும் என்று அர்த்தம். வெறும் 51ஐ எடுத்தால் உன் வயர் எட்டாது, இழுத்துப் பூட்டினால் இன்னும் மோசம். அடுத்தது சி.சி.ஏ. மைனஸ் 18 பாகையில், 30 விநாடிக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே விழாமல் எத்தனை அம்பியர் தரும் என்பதே அந்த எண். பக்கத்திலேயே வெறும் சி.ஏ என்று இன்னொரு பெரிய எண்ணும் போட்டிருப்பார்கள். அது சைபர் பாகையில் அளந்தது, வினிப்பெக்கில் அதை வைத்து என்ன செய்வது? உன் அளவில் 410 சி.சி.ஏயிலும் கிடைக்கும், 500இலும் கிடைக்கும். 500ஐ எடு. சில பத்து டொலர் வித்தியாசத்துக்கு என்னைப்போல யோசிக்காதே.

பிராண்டைப் பற்றிக் கேட்டாய். உண்மையில் வட அமெரிக்காவில் இதைச் செய்கிற பெரிய கம்பனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிளாரியோஸ், ஈஸ்ட் பென் போன்ற ஒருசில கம்பனிகளின் தொழிற்சாலைகளிலிருந்துதான் பல பெயர்களில் லேபல் ஒட்டி வருகின்றன. அதனால் பெயரைவிடத் திகதியைப் பார். இதுதான் பலரும் பார்க்காதது. தட்டில் சும்மா கிடந்தாலும் பற்றறி வற்றிக்கொண்டே இருக்கும். மூடியில் அல்லது பக்கத்தில் சின்ன ஸ்ரிக்கர் இருக்கும். சிலதில் மாதமும் வருடமும் நேராகவே இருக்கும், சிலதில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு இலக்கமும்தான். எழுத்து மாதம், இலக்கம் வருடத்தின் கடைசி எண்: முதல் எழுத்து ஜனவரி, இரண்டாவது பெப்ரவரி என்று போகும். மூன்று மாதத்துக்குள் செய்ததைக் கேள். ஆறு மாதம் தாண்டினதைத் தந்தால், வெட்கப்படாமல் பின்னால் உள்ளதை எடுத்துத் தரச் சொல்லு. பாண் வாங்கும்போது அம்மா செய்கிறதுதான்.

கரண்டி, அதாவது உத்தரவாதம், பற்றி ஒரு வரி: "இலவச மாற்று" எத்தனை மாதம், அதற்குப் பிறகு விலையில் எத்தனை பங்கு கழிப்பார்கள் என்று பிரித்துக் கேள். 5 வருடம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் முழுதாக மாற்றித் தருவது பல நேரம் முதல் இரண்டு மூன்று வருடம்தான். பில்லைப் படம் எடுத்து வை. ஏ.ஜி.எம் என்று இன்னொரு வகைப் பற்றறியை விற்கப் பார்ப்பார்கள்; சிக்னலில் தானாக நின்று தானாக ஓடுகிற கார்களுக்கு அது வேண்டும், உன் காருக்குக் கட்டாயமில்லை. பழைய பற்றறியைத் திருப்பிக் கொடு, அதற்கென்று வாங்கின டெபொசிற்றைத் தருவார்கள்.

நீயே பூட்டுவதென்றால் கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவு. பிறகு ரேடியோ கோட் கேட்டால் பயப்படாதே, குளவ் பொக்ஸில் நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. அது ரொறன்ரோ கார், புளொக் ஹீற்றர் இல்லை. அங்கே கார் தரிப்பிடங்களில் பிளக் பொயின்ற் நிற்பதைக் கண்டிருப்பாய், அதற்குத்தான். ஒன்று பூட்டச் சொல்லு. அது எஞ்சினைத்தான் சூடாக்கும், பற்றறியை அல்ல. ஆனாலும் ஒயில் இளகினால் பற்றறியின் பாடு பாதி குறையும்.

வேலைக்குப் போய்வர உனக்குப் பத்து நிமிடம் என்றாய். அந்தப் பத்து நிமிடத்தில், ஹீற்றரும் லைற்றும் போட்டுக்கொண்டு, ஸ்ரார்ட்டுக்குச் செலவானதே திரும்பி ஏறாது. கிழமைக்கு ஒருமுறை அரை மணிநேரம் நெடுந்தெருவில் ஓட்டு. வற்றின பற்றறி மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும். பக்கங்கள் ஊதியிருந்தால் இன்னொரு காரிலிருந்து பூஸ்டர் கேபிள் கொழுவாதே, யாரையும் கொழுவ விடாதே. வெடிக்கும்.

எனக்கும் உனக்கும் நடுவில் ரோட்டால் 2,000 கிலோமீற்றருக்கு மேல். முந்தி மாதிரி நான் சரத்தோடு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு இறங்கி வர ஏலாது. அதனால் அம்மாவின் பார்சலில் மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் கீழே 20 அடிப் பூஸ்டர் கேபிள் ஒன்று வைத்திருக்கிறேன், தடித்த கம்பி. திங்கட்கிழமை வரும். வடையை எடுத்துவிட்டு மற்றதைப் பெட்டியோடு அலுமாரிக்குள் தள்ளிவிடாதே, காருக்குள் போடு. பற்றறி லேபலை ஒரு படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அப்பா