ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஓர் அம்மா மட்டும் என் அறை வாசலில் நின்றார்கள். சேலையில் ஒட்டிய பீடி இலைத் துணுக்கைக்கூட உதறாமல் ஓடி வந்திருந்தார்கள். "டீச்சர், அந்தக் கருப்பை வாய்ப் புற்றுக் கிருமியும் கொரோனா மாதிரி உருமாறுமாம்லா? அப்போ ஊசி போட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிருமியின் பெயர் எச்.பி.வி. அது ஒரே கிருமி இல்லை. அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் வயலில் அம்பை 16, அம்பை 18 என்று நெல்லுக்கு எண் சொல்கிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் எண்தான். மேலுறையை உண்டாக்கும் மரபணு 10 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் தனி எண். இதில் 16, 18 என்ற இரண்டும்தான் மிகப் பொல்லாதவை. கருப்பை வாய்ப் புற்று வந்த பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்கு இவைதான் காரணம். செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் நம் புரதங்களை இவற்றின் இ6, இ7 என்ற புரதங்கள் முடக்கிவிடுகின்றன. சாதாரண மரு உண்டாக்கும் வகைகளுக்கு அந்த வலு இல்லை.

16-க்குள்ளேயே ஏ, பி, சி, டி என்று கிளைகள் உண்டு. அவற்றுக்குள் ஆபத்தும் கூடும், குறையும். ஆனால் இந்தப் பிரிவெல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது. கொரோனாபோல வருஷத்துக்கு வருஷம் உருமாறும் கிருமி இல்லை இது. ஊசியில் கிருமியே கிடையாது, அதன் மேலுறைப் புரதம் மட்டும்தான். 16-இன் எல்லாக் கிளைகளையும் அது தடுக்கும்.

இன்னொன்று. உடலுறவு வழியாகப் பரவும் கிருமி என்பதால் சிலருக்கு மனசு சங்கடப்படுகிறது. ஊசி போடச் சொல்வது பிள்ளையைச் சந்தேகப்படுவது ஆகாது, அம்மா. கிருமி ஏறும் முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள்.

ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது. ஆகவே 30 வயது தாண்டிய தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு தடவை பரிசோதித்ததிலேயே இந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான முடிவு அது. வலி வருவதற்கு முன்பே போங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வருகிறார். கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி, ஒட்டி, பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். நான் மட்டுமே பிரிப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்