கண்ணன் பாதம் கரையாமல் இருக்க ஒரு கூரை: நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போயிருக்கும் எங்கள் பிள்ளைகளே, வணக்கம்.

போன கோகுலாஷ்டமிக்கு ஊரில் இருந்தவர்கள் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டீர்கள். சாயங்காலமே பெண் பிள்ளைகள் அரிசி மாவைக் கரைத்துக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் உள்ளங்கால். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் குட்டிப் பாதம். வலது, இடது என்று மாற்றி மாற்றி, குழந்தை தெருவிலிருந்து உள்ளே நடந்து வருகிற மாதிரி சன்னதி வரை போட்டார்கள். எட்டு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. வாடகைக்கு எடுத்துக் கட்டிய தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, நடுவில் கிழிந்து கொட்டியது. பாதமெல்லாம் பால் மாதிரி கரைந்து ஓடியது. படியோரம் மிச்சமிருந்த ஒரு ஜோடிப் பாதத்துக்கு மட்டும், மூத்த பாட்டி ஒருவர் தன் குடையைப் பிடித்துக்கொண்டு பூஜை முடியும் வரை நகராமல் நின்றார்.

நீலகிரியில் நம் பந்தலூர்ப் பக்கம் ஆவணியில் மழை புதிதல்ல. விழாவைத் தள்ளிப்போடவும் முடியாது. தேய்பிறை அஷ்டமி, ரோகிணி, அதிலும் நடுராத்திரி. மதுராவில் சிறைக்குள் கண்ணன் பிறந்த வேளை அது. அன்றைக்கும் மழைதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் யமுனையைக் கடந்தபோது ஆதிசேஷன் படம் விரித்துக் குடை பிடித்தான் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்.

தொட்டிலில் போட்டுத் தாலாட்டி, வெண்ணெயும் அவலும் படைத்து முடிக்க மணி ஒன்றாகிவிடும். அப்புறம் யானை நடமாடும் தேயிலைக் காட்டு வழியே கைக்குழந்தையோடு யார் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்ப முடியும்? விடியும் வரை எல்லோரும் கோயிலில்தான். உள்ளே இருபது பேர் உட்காரலாம். மீதிப் பேர் வாசலில் நனைகிறார்கள்.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகள், டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த ஒரு கண்ணன் படத்தை வைத்துத் தொடங்கிய கோயில் இது. கொழுந்து பறித்த கூலியில் சுவர் எழுப்பினார்கள். வாசலுக்குக் கூரை போடுவது நம் பங்கு.

30 அடிக்கு 20 அடி, இரும்புத் தூண், மேலே தகர ஷீட், கீழே சிமெண்ட் தளம். பொருளுக்கும் ஏற்றுக்கூலிக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். வெல்டிங் தெரிந்த நம் தம்பிகள் கூலி வாங்காமல் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் ஓர் அடுப்பும் கட்டப்போகிறோம். சீடை உருட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்த ஈரத்தில் துணியில் பரப்பி வைத்த உருண்டை காய்வதே இல்லை. ஈரம் உள்ளே நின்றால் எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும். போன வருஷம் ஒரு அக்காவின் கை கொப்புளித்துவிட்டது. கூரைக்குக் கீழே அடுப்போரமாகக் காயவைத்தால் அந்தப் பயம் இல்லை.

அஷ்டமிரோகிணி என்று கொண்டாடும் மலையாள வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் பாயசம் கொண்டுவந்து நம்மோடு நிற்கிறார்கள். அவர்களும் இதில் சேர்கிறோம் என்று சொன்னது எங்களுக்குப் பெரிய பலம்.

முடிந்ததைக் கொடுங்கள். ஐம்பது ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாதவர்கள் ஒரு மூட்டை சிமெண்ட் தரலாம், ஒரு நாள் மண் சுமக்க வரலாம். குழுவினரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதா மாதம் கோயில் சுவரில் ஒட்டப்படும். சித்திரைக்குள் பணம் சேர்ந்தால் மழை பிடிப்பதற்கு முன்பே தூண் ஊன்றிவிடலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஆவணிக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள். குடை பிடித்து நின்ற பாட்டி, அடுத்த முறை முதல் பாதத்தைத் தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கோகுலாஷ்டமி விழாக் குழுவினர்