பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

நெடுஞ்சாலைக் காவலுக்கு ரோந்து வண்டிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். புது வண்டிகள் வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கும் நேரம் இது என்பதால்தான் எழுதுகிறேன். எந்த மாடல், எத்தனை குதிரைத்திறன், டீசலா மின்சாரமா என்பதையெல்லாம் நீங்கள் பலமுறை பேசியிருப்பீர்கள். அதற்குள் நான் வரவில்லை. எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது, இருட்டில் கையை விட்டால் எது கைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் அப்படித் திறந்ததைப் பார்த்தேன். இரவு ஒன்றரை மணி இருக்கும். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சரக்கு வேன் ஒன்று சென்டர் மீடியனில் மோதிக் குறுக்கே நின்றுவிட்டது. டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டார். நாங்கள் நாலைந்து பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினோம், போன் செய்தோம். ரோந்து வண்டி 11 நிமிடத்தில் வந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த இரண்டு காவலர்கள் மேலும் எனக்கு ஒரு துளி குறையும் கிடையாது. வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் பின்கதவைத் திறந்தார்கள். ஒரு ஸ்டெப்னி, ஒரு தண்ணீர் கேன், அவர்கள் இருவரின் பைகள், சுருட்டி வைத்த போர்வை. அதற்கெல்லாம் அடியில் இரண்டு கோன், அதில் ஒன்று அடிப்பாகம் கிழிந்து நிற்கவே மாட்டேன் என்றது. டார்ச் எரியவில்லை, ஒருவர் தட்டிப் பார்த்தார், எரியவில்லை. தீயணைப்பான் இருந்தது, ஆனால் அதன் மேலிருக்கும் முள் சிவப்பில் படுத்திருந்தது, அதாவது அழுத்தம் போய்விட்டது, பின்னைப் பிடுங்கினாலும் ஒன்றும் வராது. ஒளிரும் ஜாக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. மூத்தவர் அதை இளையவரிடம் கொடுத்து, 'நீ போட்டுக்கோ, நீதான் வண்டிகிட்ட நிக்கணும்' என்றார்.

அப்புறம் அவர் மீடியனில் வளர்ந்திருந்த செடியிலிருந்து இரண்டு கிளைகளை ஒடித்துச் சாலையில் போட்டார். தன் கைப்பேசியில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, வரும் வண்டிகளைப் பார்த்தபடி, இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும் சீருடையில், நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்றுகொண்டார். நானும் என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு லாரியும் கடைசி நொடியில்தான் எங்களைப் பார்த்து ஒதுங்கியது. லாரி கடந்து போகும்போது அடிக்கிற காற்றில் சட்டை தூக்கும், கண்ணில் மண் விழும், கால் தானாகவே ஓர் அடி பின்னுக்குப் போகும். அவர் கால் பின்னுக்குப் போகவில்லை. ஒரு கட்டத்தில் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: 'சார், உங்க போன்ல எவ்வளவு சார்ஜ் இருக்கு? எனக்கு ஒன்பதுதான் இருக்கு.'

ஐயா, அம்மா, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் ஒரு காவலரின் உயிர் கைப்பேசியில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதில் நிற்கக் கூடாது.

கணக்காகவே சொல்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். ஓட்டுநர் எதையோ பார்த்து, அது என்னவென்று புரிந்து, காலை பிரேக்குக்கு நகர்த்துவதற்குள் 40 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் அதைவிட அதிகம் வேண்டும். ஆகக் காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 100 மீட்டர். மழை பெய்திருந்தால், டயர் தேய்ந்திருந்தால், வருவது சுமை ஏற்றிய லாரியாக இருந்தால், இதற்கும் மேல். நாங்கள் நின்ற இடத்துக்கும் வேனுக்கும் நடுவில் அறுபது அடி எடுத்து வைத்தால் போதும், அவ்வளவுதான் தூரம். அதற்கு மேல் தள்ளிப் போய் நின்றால் எங்கள் வெளிச்சத்தை யாரும் விபத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று அவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அங்கிருந்து வேன் வரைக்கும் சாய்வாக ஒரு வரிசை கோன் வைத்திருந்தால் வருகிறவர்களுக்குத் தானாகப் புரிந்திருக்கும். கையில் இருந்ததோ நிற்கிற கோன் ஒன்றும் ஒடித்த கிளை இரண்டும்.

ரோந்து வண்டியின் கூரையில் விளக்கு சுழன்றுகொண்டுதானே இருந்தது என்று கேட்கலாம். இருந்தது, நன்றாகவே இருந்தது. பகலுக்கு ஏற்ற பிரகாசத்தை இரவிலும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. எதிரே வருபவருக்கு அந்த வெளிச்சம்தான் தெரியுமே தவிர, அதற்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் தெரிய மாட்டார். இரவானதும் குறைத்துக்கொள்ளும் வசதி உள்ள விளக்குகள் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளும் தாராளமாக வேண்டும். பிரிட்டனில் 1990களில் காவல் துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவு உட்கார்ந்து யோசித்துத்தான் மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும் பேட்டன்பர்க் கட்டங்களைக் கொண்டுவந்தது. பகலில் 500 மீட்டர் தூரத்திலிருந்தே அது காவல் வண்டி என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. இரவில் அந்தக் கட்டங்களுக்கு மின்சாரம் தேவையில்லை, எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டாலே போதும். பேட்டரி செத்தாலும் அது வேலை செய்யும்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. அந்த நாற்பது நிமிடமும் ரோந்து வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் அணைக்கவில்லை என்று இளையவரிடம் பிறகு கேட்டேன். 'அணைச்சா விளக்கு பேட்டரியைக் குடிச்சிடும் சார், அப்புறம் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், ஒரு தடவை தள்ளியிருக்கோம்' என்றார். ரோந்து வண்டியின் வாழ்க்கை இப்படித்தான், பாதி நேரம் ஓடும், பாதி நேரம் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் தேயும். ஒரு மணி நேரம் நின்றபடி ஓடுவது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு நிறுவனமே வைத்திருக்கும் கணக்கு. வெறும் கிலோமீட்டரைப் பார்த்துச் சர்வீஸுக்கு அனுப்பினால் எப்படி? விளக்குக்கும் ஒயர்லெஸ்ஸுக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, வண்டி வாங்கும்போதே கேட்டால் செய்துதருவார்கள். வாங்கிய பிறகு யாரோ ஒருவர் ஒயரை இழுத்து ஒட்டுப் போடுவதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் நடந்தது ஒன்றே போதும். 2017இல் அந்த நகரக் காவல் துறை தன் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகள் ஏறத்தாழ 400ஐச் சாலையிலிருந்து எடுத்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த காவலர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் பாதிக்கப்பட்டார்கள் என்பது காரணம். விளக்கும் கருவிகளும் பொருத்துவதற்காகப் பின்புறம் போட்ட துளைகள் சரியாக அடைக்கப்படாமல் விடப்பட்டதை அந்த நிறுவனம் ஒரு காரணமாகச் சொன்னது. வண்டி ஒரு கை, கருவி இன்னொரு கை, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண் இல்லை என்றால் இப்படித்தான் முடியும்.

அதற்கு முன்னாலும் ஒரு பாடம் இருக்கிறது. பல ஆண்டுகள் அமெரிக்க நெடுஞ்சாலைக் காவலின் அடையாளமாக இருந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவில் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த ரோந்து வண்டியைப் பின்னால் வந்த வண்டி வேகமாக மோதியபோது டேங்க் ஓட்டையாகித் தீப்பிடித்துக் காவலர்கள் இறந்தார்கள். அப்புறம்தான் டேங்குக்குக் கவசம் வந்தது, டிக்கியில் கருவிகளை ஒழுங்காக அடுக்கி வைக்கத் தனிப் பெட்டி வந்தது, ஏனென்றால் மோதலில் டிக்கிக்குள் கிடக்கும் சாமானே டேங்கைக் குத்திவிடலாம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பின்கதவைத் திறந்து பாருங்கள். ரோந்து வண்டி அடிபடுவது பெரும்பாலும் முன்னால் விரட்டிக்கொண்டு போகும்போது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஓரமாக நிற்கும்போது பின்னால் வாங்குகிற அடியைத் தாங்குமா என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

கூடவே எடையையும் கேளுங்கள். கருவிகள், தடுப்புச் சட்டகம், ஒயர்லெஸ், இரண்டாவது பேட்டரி, இரண்டு மூன்று ஆட்கள் என்று எல்லாம் ஏறிய பிறகு அந்த வண்டி ஷோரூமில் நின்ற வண்டி கிடையாது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் டயரும் அந்த முழு எடைக்குப் பொருந்த வேண்டும். காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பது சோதனை ஆகாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காவல் துறை ஆண்டுதோறும் ரோந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்து முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. வேகம், பிரேக், வளைவில் போகும் விதம் எல்லாம் அதில் உண்டு. உட்கார வசதியா, ஒயர்லெஸ் கைக்கு எட்டுகிறதா என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. இடுப்பில் பெல்ட்டும் அதில் கருவிகளும் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே சீட்டில் உட்காருகிறவரிடம் யாராவது போய், 'முதுகு எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறார்களா? வண்டியை ஓட்டப் போகிற ஒருவராவது உங்கள் குழுவில் இருக்கிறாரா? உயரம் குறைவான பெண் காவலர் சீட்டில் உட்கார்ந்து, பெடலும் கண்ணாடியும் எட்டுகிறதா என்று பார்த்தாரா? புது வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கொடியசைத்து, சாவி கொடுத்து, படம் எடுத்து அனுப்புகிறோம். இரண்டு வருடம் கழித்து அதே வண்டியின் டயரைத் தடவிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. தீயணைப்பானின் முள் எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்க்க ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடிக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

வேகமான வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தாலியக் காவல் துறை லம்போர்கினி வைத்திருக்கிறது, அதில் முன்பக்கப் பெட்டியைக் குளிரூட்டி, மாற்று அறுவைக்கான உறுப்புகளைக் கொண்டுபோகிறார்கள், 2020இல் ஒரு சிறுநீரகத்தை ரோமுக்கு அப்படிக் கொண்டுபோனார்கள். என்ன வேலைக்கு என்று முடிவு செய்துகொண்டு வாங்கினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். நம் நெடுஞ்சாலையில் ரோந்து வண்டி அதிகம் செய்கிற வேலை விபத்துக்கு முதலில் போய் நிற்பது. அப்படியானால் கருவிப் பட்டியலை முதலில் எழுதுங்கள், அதைத் தூக்கிப் போகக்கூடிய வண்டியைப் பிறகு தேடுங்கள். குறைந்தது பத்துப் பன்னிரண்டு நல்ல கோன்கள், எத்தனை ஆட்களோ அத்தனை ஒளிரும் ஜாக்கெட், வண்டியிலேயே சார்ஜ் ஆகும் டார்ச், மடக்கி நிறுத்தும் பெரிய விளக்கு, உயிருள்ள தீயணைப்பான், ரத்தம் நிறுத்தும் கட்டு, ஸ்ட்ரெச்சர், கண்ணாடி உடைக்கிற சுத்தியல், சீட் பெல்ட் அறுக்கிற கத்தி. அன்று இளையவர் ஜாக்கி லீவரை வைத்து வேன் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். பெல்ட்டை அறுக்க எங்களில் ஒருவரின் பையிலிருந்து பிளேடு எடுத்துக் கொடுத்தோம். பேட்டரியில் ஓடும் வெட்டுக் கருவிகள் இப்போது ஓர் ஆள் தூக்கும் எடையில் வந்துவிட்டன. எல்லா வண்டிக்கும் முடியாவிட்டால் சில வண்டிகளுக்காவது கொடுங்கள், எது எங்கே நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் கொள்முதல் ஆவணத்திலேயே சேருங்கள், 'பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள், அந்தப் 'பிறகு' வந்ததே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வண்டிக்குள் ஓர் இடம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி. ஷிப்ட் மாறும்போது சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஒரு தாள். முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரே ஓர் இரவு, முழு எடையும் ஏற்றிய வண்டியைப் போக்குவரத்தை நிறுத்திய ஒரு சாலையில் நிறுத்தி, நீங்கள் 200 மீட்டர் தள்ளி ஒரு காரில் உட்கார்ந்து, பக்கத்தில் நிற்கிற காவலர் தெரிகிறாரா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து, விளக்கில்லாமல் தீயணைப்பானை எடுத்துப் பாருங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

வேன் டிரைவரை உயிரோடுதான் வெளியே எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு மூத்த காவலர் சாலையில் போட்ட கிளைகளைத் தானே பொறுக்கி ஓரமாக வீசினார். என் கைப்பேசி அப்போது 22இல் இருந்தது. அவருடையது எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

பணிவுடன்,
அன்று அவர் பக்கத்தில் நின்ற ஒருவன்